நங்கூரமிட்ட நாட்கள்



கடற்பயணம் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது எது? விரித்த பாய், பொங்கும் அலை, எட்டாத தொடுவானம், இவற்றின் நடுவே சுக்கான் பிடித்து நிற்கும் ஒரு மனிதன். கதைகளில் கப்பல் ஓடிக்கொண்டே இருக்கிறது. வரலாற்று நூல்களிலும் அப்படித்தான். இன்ன நாள் புறப்பட்டது, இன்ன நாள் போய்ச் சேர்ந்தது என்று இரண்டு திகதிகளைக் குறித்துவிட்டு ஆசிரியர் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார். அந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில் கப்பல் எத்தனை நாள் ஓடாமல் கிடந்தது, அந்த நாட்களில் அதிலிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பவர் குறைவு. இன்று அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு நம் வடமராட்சிக் கரையிலிருந்தே ஒரு கப்பலை எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் கப்பலின் பெயர் 'அன்னபூரணி'. வல்வெட்டித்துறையில், வல்வை மேத்திரிமாரின் கையால், வேப்பமரத்தில் கட்டப்பட்ட இருபாய்மரக் கப்பல் அது. ஏறத்தாழ 89 அடி நீளம். வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார். 1937 பெப்ரவரி 27 இல் வல்வெட்டித்துறையை விட்டுப் புறப்பட்ட அந்தக் கப்பல் கொழும்பு, ஏடன், சுயஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், ஜிப்ரால்டர், பெர்மூடா என்று சுற்றி, 1938 ஓகஸ்ட் 1 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மறுநாள் பொஸ்டன் நகரப் பத்திரிகை அதைச் செய்தியாக்கியது.

கப்பலை ஓட்டிச் சென்றவர்கள் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஐவர். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. அவருடன் தாமோதரம்பிள்ளை சபாரத்தினம், சின்னத்தம்பி சிதம்பரப்பிள்ளை, பூபாலசிங்கம் சுப்பிரமணியம், ஐயாத்துரை இரத்தினசாமி. இந்தப் பெயர்களை வல்வை மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். சொல்லவும் வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புறப்பட்ட நாளிலிருந்து போய்ச் சேர்ந்த நாள்வரை 520 நாட்கள். இந்தப் பாதையை நேர்வழியில் அளந்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் கடல் மைல்கள் வரும். சுமாரான காற்றில் ஒரு பாய்க்கப்பல் நாளொன்றுக்கு நூறு மைல் ஓடும் என்று வைத்துக்கொண்டால், நூறு நாட்களுக்குள் அலுவல் முடிந்திருக்க வேண்டும். பாய்க்கப்பல் நேர்வழியில் போவதில்லை. எதிர்க்காற்றில் இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் போகும். ஆகவே அந்த நூறை இருநூறாக்குவோம். தாராளமாக இருநூற்றைம்பது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் மிச்சம் இருநூற்றெழுபது நாட்கள்! எப்படிக் கூட்டிக் கழித்தாலும், அந்தப் புகழ்பெற்ற பயணத்தில் அரைவாசிக்குக் குறையாத காலம் கப்பல் ஏதோ ஒரு துறையில் நங்கூரமிட்டுக் கிடந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கே நான் வருகிறேன்.

அப்படியானால், அன்னபூரணியின் வரலாற்றில் பாதி துறைமுகத்தின் வரலாறு. வெயில் காய்ந்த, காற்று அசையாத, ஒன்றும் நடவாததுபோலத் தோன்றும் பகற்பொழுதுகளின் வரலாறு. அந்தப் பாதியை நாம் இன்னும் எழுதவில்லை.

*

பாய்க்கப்பல் ஏன் காத்துக் கிடக்கிறது? முதற் காரணம் காற்று. யாழ்ப்பாணத்துக் கடலோடிக்கு ஆண்டு என்பது பஞ்சாங்கத்தில் தொடங்குவதில்லை. சோளகம் எப்போது எழும், வாடை எப்போது விழும் என்பதே அவனுடைய நாட்காட்டி. தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். வடகிழக்கிலிருந்து வருவது வாடை. மேற்கே இருந்து வந்தால் கச்சான். கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். நகரத்தில் வாழும் நமக்குக் காற்று என்பது ஒரே சொல். அவனுக்கோ திசைக்கொரு பெயர், பெயருக்கொரு குணம், குணத்துக்கேற்ற வேலை.

வல்வெட்டித்துறையிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும் வங்காள விரிகுடாவைக் கடந்து ரங்கூன், அக்கியாப் வரை நம் கப்பல்கள் போய்வந்தன. சோளகத்தில் போய், வாடையில் திரும்புவது வழக்கம். பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. யாழ்ப்பாணப் புகையிலை சிப்பம் சிப்பமாகத் திருவிதாங்கூருக்குப் போனது. இந்தப் போக்குவரத்தில் ஒரு காற்றுக்கும் மறு காற்றுக்கும் இடையில் மாதக்கணக்கான காத்திருப்பு இருந்தது. ரங்கூனில் சரக்கு ஏற்றியாகிவிட்டது, காற்று இன்னும் திரும்பவில்லை என்றால் தண்டையலால் என்ன செய்யமுடியும்? ஆற்றுமுகத்தில் கிடக்க வேண்டியதுதான். இயந்திரக் கப்பலின் மாலுமிக்குத் தாமதம் ஒரு தொல்லை. பாய்க்கப்பலின் மாலுமிக்கோ அது பயணத்தின் ஓர் அங்கம்.

இன்னொன்றையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். வல்வெட்டித்துறை 'துறை' என்று பெயர் பெற்றிருந்தாலும், அலைதடுப்புச் சுவரும் மேடையும் கொண்ட துறைமுகம் அன்று. கரையை ஒட்டிப் பவளப்பாறை. அதற்கப்பால் திறந்த கடல். கப்பல் வெளியே நிற்கும். சரக்கும் ஆட்களும் வள்ளத்தில் போய்வர வேண்டும். வாடைக் காலத்தில் அந்தக் கடல் கொந்தளித்துவிடும். இதற்கு நேர்மாறானது ஊர்காவற்றுறை. வேலணைக்கும் காரைநகருக்கும் இடையே தீவுகளின் அணைப்பில் அமைந்த ஒதுக்கிடம் அது. நடுவில் கடற்கோட்டை. அங்கே நங்கூரமிட்ட கப்பலுக்குக் காற்றின் சீற்றம் எட்டாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடல் வாழ்வு இந்த இரண்டு வகைத் துறைகளுக்கும் இடையில்தான் நடந்தது: ஓடத் தூண்டும் திறந்த கரை ஒன்று, ஒதுங்கிக் கிடக்க இடந்தரும் ஒடுங்கிய நீர் மற்றொன்று.

*

காத்துக் கிடக்கும் கப்பலைப் பற்றி நம் பழைய பதிவுகள் என்ன சொல்கின்றன?

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பொறிப்பித்தது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிற நாட்டார் ஊராத்துறையில், அதாவது நம் ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது அக்கல்வெட்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மீதி மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி என்றும் விதிக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஒரு சிங்கள அரசன், தமிழில், தீவொன்றின் கல்லில் எழுதிவைத்த இந்தக் கட்டளை, கடலில் ஓடும் கப்பலைப் பற்றியதன்று. கரைக்கு வந்த கப்பலைப் பற்றியது. துறையில் தங்கியிருக்கும் அந்நியன் யார், அவனை யார் காப்பது, அவனுடைய பொருள் யாருக்கு என்ற கேள்விகளுக்கான விடை அது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, நங்கூரமிட்ட நாளுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்து 1344 ஆம் ஆண்டு. அராபியப் பயணி இபின் பதூதா மாலைதீவிலிருந்து வரும் வழியில் காற்றினால் தள்ளப்பட்டு நம் தீவின் மேற்குக் கரையில் ஒதுங்கினார். அவர் சொல்லும் இடம் புத்தளம் என்பது பெரும்பாலான ஆய்வாளர் கருத்து. அங்கே அவரை வரவேற்றவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. முத்துக் காட்டி, பாரசீக மொழியில் உரையாடி, பயணிக்கு வேண்டியதைக் கேட்டான் அரசன். பாவாதமலை என்று நாம் சொல்லும் சிவனொளிபாத மலையைத் தரிசிக்க வேண்டும் என்றார் பதூதா. பல்லக்கும் துணையாட்களும் கிடைத்தன. ஆனால் கப்பல்? அது கரையில் காத்திருக்க வேண்டுமே! ஓராண்டானாலும் காத்திருப்பேன் என்று கப்பல் தலைவன் வாக்களித்ததாகவும், அவன் தன் விருந்தாளியாக இருக்கட்டும் என்று அரசன் சொன்னதாகவும் பதூதா எழுதிவைத்திருக்கிறார்.

பதூதா மலை ஏறி இறங்கிய கதையை உலகம் படிக்கிறது. அந்த நாட்களில் கரையோரம் கப்பலோடு கிடந்த மாலுமிகளின் கதையை அவர் எழுதவில்லை. எழுதவும் முடியாது, அவர் அங்கே இல்லை. எழுதத் தெரிந்தவன் கரையேறி ஊர் பார்க்கப் போய்விட, கப்பலில் தங்கிவிட்டவர்களிடம் எழுத்தாணி இல்லை. பயண இலக்கியத்தில் அடிக்கடி நேரும் சங்கதி இது.

துறைமுகத்து ஓய்வு எப்போதும் பாதுகாப்பானதும் அன்று. 1659 நவம்பரில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினக் கடலில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்தது. மரத்தைச் செப்பனிட்டுக்கொள்ளவும் வியாபாரம் செய்யவும் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. ஊரவர் நல்லபடியாகவே பழகினார்கள். பயம் தெளிந்து, புளியமர நிழலில் ஆறுதலாக இருந்த வேளையில், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தலைவனையும் மகனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் றொபேட் நொக்ஸ் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தது 1679 இல். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் இலங்கை வரலாற்றுக்கு ஆதாரம். துறையில் சோம்பிக் கிடந்த சில நாட்கள் அந்த இளைஞனின் பத்தொன்பது ஆண்டுகளை விழுங்கிவிட்டன.

*

இனி அன்னபூரணிக்கு வருவோம். ஏடன் துறைமுகத்தை நினைத்துப் பாருங்கள். செங்கடலின் வாசலில், எரிந்து அணைந்த எரிமலையின் கருங்கற் குழிக்குள் அமைந்த ஊர் அது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினாலும் இரண்டு அங்குலம் தேறாது. கோடையில் வெப்பம் 37 பாகை செல்சியஸை எட்டும். குடிநீருக்காக மலையிடுக்கில் பழங்காலத்தவர் வெட்டிய பெருந்தொட்டிகள் இருக்கின்றன. பின்னாளில் கடல்நீரைக் காய்ச்சி வடித்தார்கள். 1839 இல் பிரித்தானியர் அதைப் பிடித்துக்கொண்டது, போகும் கப்பல்களுக்குக் கரி ஏற்றுவதற்கு உதவியது. நீராவிக் கப்பல் கரி ஏற்றிச் சில மணி நேரத்தில் புறப்பட்டுவிடும். பாய்க்கப்பலுக்கோ ஏடனில் ஏற்றிக்கொள்ளக் காற்று விற்பனைக்கு இல்லை.

ஏடனைத் தாண்டினாலும் துன்பம் தீராது. செங்கடலின் வடபாதியில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கு, வடமேற்குக் காற்றே வீசும். வடக்கே போகும் பாய்க்கப்பலுக்கு அது முகத்தில் அறையும் காற்று. தென்பாதியில் மாரியில் சாதகமான காற்றுக் கிடைக்கும். கோடையில் அதுவும் மாறிவிடும். இதனாலேயே 1869 இல் சுயஸ் கால்வாய் திறந்தபோது நன்மை அடைந்தது நீராவிக் கப்பல். பாய்க்கப்பலை அந்த ஒடுங்கிய கால்வாய்க்குள் இன்னொரு கப்பல் கயிறு கட்டி இழுத்துப்போக வேண்டும். கடல் கடந்த வல்வைப் பாய்கள் அங்கே சுருட்டிக் கட்டப்பட்டுத்தான் போயிருக்கும்.

இந்த வழியில் ஒரு வெக்கையான நாள். காற்று விழுந்துவிட்டது. நீர் கண்ணாடிபோலக் கிடக்கிறது. கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கப்பலில் எல்லோரும் உறங்குவதாகவே படும். பாய்கள் தளர்ந்து துவண்டு தொங்குகின்றன. சோம்பேறிக் கப்பல் என்று அவன் சொல்லக்கூடும்.

உண்மை என்ன? ஈரமாகச் சுருட்டிய பருத்திப் பாயில் பூஞ்சணம் பிடிக்கும்; பிடித்தால் அடுத்த பெருங்காற்றில் கிழியும். ஆகையால் காற்றில்லாத வெயில் நாளில் பாயைத் தளர்த்திக் காயவிட வேண்டும். அந்தத் துவண்ட பாய் சோம்பலின் அடையாளமன்று; அதுவே அன்றைய வேலை. அதேபோல, மரக்கப்பல் கடலில் ஓடும்போது கெடுவதைவிட வெயிலில் நிற்கும்போது கெடுவது அதிகம். நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பலகைகள் காய்ந்து சுருங்க, பொருத்துக்கள் வாய்திறக்கும். காலையும் மாலையும் கடல்நீரை அள்ளி மேல்தட்டில் ஊற்றி நனைக்க வேண்டும். திறந்த இடுக்குகளில் பஞ்சை இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைக்க வேண்டும். கலப்பத்து அடித்தல் என்று இதைச் சொல்வார்கள். நீருக்குள்ளேயோ கப்பற்புழு பலகையைக் குடைந்துகொண்டிருக்கும். வெந்நீர்க் கடலில் அதற்குக் கொண்டாட்டம். வேம்பை அது இலகுவில் தீண்டாது என்பது நம்மவர் நம்பிக்கை.

கயிறு பார்க்க வேண்டும். தேய்ந்த இடத்தை வெட்டிப் பிரியைப் பிரியோடு பின்ன வேண்டும். பாய் தைக்க வேண்டும். தண்ணீர்ப் பீப்பாவை எண்ண வேண்டும். சமைக்க வேண்டும். நெடும்பயணத்துக்கு நம்மவர் கட்டிக்கொண்டு போகக்கூடிய பண்டங்களில் புழுக்கொடியலும் கருவாடும் புளியும் மாதக்கணக்கில் கெடாதவை. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒருவர் எந்நேரமும் வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். நங்கூரம் பிடித்திருக்கிறதா, காற்றுத் திரும்பினால் கப்பல் எந்தப் பக்கம் சுழலும், பக்கத்துக் கப்பலில் இடிக்குமா என்பது தண்டையலின் கவலை. எல்லோரும் கண்ணயரும் மத்தியானத்தில் தண்டையலின் ஒரு கண் திறந்தே இருக்கும்.

இவை வல்வைக் கடலோடிகள் மட்டுமன்றி மரக்கப்பல் ஓட்டிய எல்லோரும் செய்தவை. ஐவரும் ஏடனில் இன்ன நாள் இன்ன வேலை செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. செய்யாமல் இருந்திருந்தால் அந்தக் கப்பல் குளொஸ்டரைக் கண்டிருக்காது என்றுதான் சொல்கிறேன். பெருங்கடலில் அது தாங்கிய ஒவ்வொரு அடிக்கும் வேண்டிய பலம் இத்தகைய வெயில் நாட்களில் சேர்க்கப்பட்டது.

அந்த நாட்களில் உலகமும் சும்மா இருக்கவில்லை. கப்பல் பயணத்தில் இருந்தபோது, 1937 ஏப்ரல் 1 இல், ஒரே நாளில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. பம்பாயிலிருந்தும் டில்லியிலிருந்தும் ஆளப்பட்டு வந்த ஏடன், இலண்டனின் நேரடிக் குடியேற்றமாயிற்று. பர்மாவும் இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. நம் கடலோடிகளின் கிழக்குத் துறையும் இந்தப் புதிய பயணத்தின் மேற்குத் துறையும் ஒரே நாளில் புதிய எல்லைக்குள் வந்தன. மத்தியதரைக்கடலிலோ ஸ்பானிய உள்நாட்டுப் போரின் நிழல். பெயர் சொல்லாத நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களைத் தாக்க, 1937 செப்டெம்பரில் நியோன் நகரில் வல்லரசுகள் கூடி அதைத் தடுக்க உடன்படிக்கை செய்தன. ஒரு துறையில் காத்துக் கிடப்பவனுக்கு அடுத்த துறையைப் பற்றிய வதந்தி உணவைப்போல. ஐவரும் அந்தச் செய்திகளை எந்த மொழியில், யார் வாயால் கேட்டிருப்பார்கள்?

*

இந்த இடத்தில் இலக்கியத்தை நோக்கி ஒரு கேள்வி.

தமிழின் நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் நின்று, போனவன் வரவில்லையே என்று ஏங்குபவளின் துயரம் அது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்திருப்பை நாம் கரையில் நிற்பவளுக்கே கொடுத்திருக்கிறோம். கப்பலில் இருப்பவனும் காத்திருக்கிறான் என்பது நம் கவிதைக்குள் அதிகம் வரவில்லை. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார், உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள் இலாயத்துக் குதிரைகள்போல வரிசையாகக் கட்டப்பட்டு நிற்பதைக் காட்டுகிறார். எவ்வளவு நல்ல பார்வை! படகு கட்டப்பட்டு நிற்கிறது. படகுக்காரன் அந்நேரம் என்ன செய்கிறான் என்று கேட்கத்தான் நமக்கு ஆவல்.

மேலைநாட்டில் இந்த ஓய்வு நாள் தனி இலக்கியமாகவே வளர்ந்தது. யோசுவா சுலோக்கம் என்பவர் 1895 முதல் 1898 வரை தனியாளாகச் சிறு படகில் உலகைச் சுற்றி வந்து எழுதிய நூல் 1900 இல் வெளியானது. அவரைப் பின்பற்றிப் பலர் புறப்பட்டார்கள், எழுதினார்கள். நம் றொபின்சனும் அவர்களில் ஒருவர். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் உலகைச் சுற்றி, அதை நூலாக எழுதினார். 1934 இல் கலாபகோஸ் தீவில் குடல்வால் வெடித்து உயிருக்குப் போராடிய அவரை அமெரிக்கக் கடற்படை மீட்டது; அதுவும் நூலாயிற்று. இத்தகைய நூல்களில் புயலுக்கு ஓர் அத்தியாயம் என்றால் துறைமுகத்தில் படுத்துக் கிடந்த பகலுக்கும் சில பக்கங்கள் கிடைக்கும். வெயில், ஈ, கரையிலிருந்து வரும் வாசனை, அரைத்தூக்கம் எல்லாம் எழுத்தில் ஏறும்.

வேறுபாடு எங்கே என்றால், ஒருவருக்கு அந்தப் பகல் ஓய்வு; மற்றவருக்குக் கூலிநாள். ஓய்வு எழுத்தாகிறது. கூலிநாள் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாகிறது. நூல் எழுதும் வழக்கம் நம் ஐவரின் தொழிலில் இல்லை. வல்வையிலிருந்து அமெரிக்கா வரை அவர்கள் தமிழில் பேசிய பேச்சு, கப்பலின் மேல்தட்டிலேயே காற்றோடு போயிற்று.

குளொஸ்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1623 இல் தொடங்கிய மீன்பிடித் துறை அது. கடலில் மாண்ட ஆயிரக்கணக்கான மீனவருக்காக, சுக்கான் பிடித்து நிற்கும் ஒரு கடலோடியின் சிலையை 1925 இல் அங்கே எழுப்பினார்கள். அன்னபூரணி போய்ச் சேர்ந்தபோது அந்த ஊரின் பாய்க்கப்பல்களும் கடைசி மூச்சில் இருந்தன. அதே 1938 ஒக்டோபரில் கனடாவின் 'புளூநோஸ்' கப்பலும் குளொஸ்டரின் 'கேர்ட்ரூட் எல். தீபோ' கப்பலும் மசாசூசெட்ஸ் கடலில் போட்டியிட்டன. மீன்பிடிப் பாய்க்கப்பல்களின் அந்தப் பன்னாட்டுப் போட்டி அதன்பின் நடைபெறவில்லை. உலகின் இரண்டு மூலைகளில், பாயை நம்பி வாழ்ந்த இரண்டு ஊர்கள், தங்கள் காலம் முடியும் வேளையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. குளொஸ்டரில் அருங்காட்சியகமும் ஆவணக்காப்பகமும் உண்டு. மாண்டவர் பெயர்கள் சிலைக்கருகே பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊருக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

1942 இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கடல்வழி அடைபட்டது. 1948 க்குப் பின் பாக்கு நீரிணையின் இரு கரைகளும் இரு நாடுகளாயின. கடவுச்சீட்டும் சுங்கமும் வந்தன. பின்னர் போர். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிக்கப்பட்டன. வீடு எரிந்தபோது அதற்குள் இருந்த தகரப்பெட்டியும் எரிந்தது. தாத்தா ரங்கூனிலிருந்து போட்ட கடிதம், கப்பற் கணக்குக் கொப்பி, துறைமுகச் சீட்டு, ஒரு பழைய படம் இவையெல்லாம் அந்தப் பெட்டிகளுக்குள்தான் இருந்திருக்கும். 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் கடலே பலமுறை தடைசெய்யப்பட்ட இடமாக இருந்தது. கடலுக்குப் போகாத பிள்ளைக்குக் காற்றின் பெயர் எதற்கு?

2023 ஒக்டோபர் 14 இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. நாலு மணி நேரத்துப் பயணம். நல்லதே நடந்திருக்கிறது, மனம் நிறைந்து வரவேற்கிறேன். அந்தக் கப்பலுக்கு வாடையும் சோளகமும் கால அட்டவணையில் ஏற்படும் இடைஞ்சல் மட்டுமே. அது அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் காத்திருக்கத் தெரிந்த ஒரு தொழிலின் அறிவு, அந்தத் தொழிலோடு சேர்ந்து சொல்லாமல் போய்விடக்கூடாது.

நேயர்களே, அன்னபூரணியைப் பற்றிப் பேசும்போது நாம் அந்த ஐவரின் துணிச்சலைப் பாராட்டுகிறோம். அது நியாயம். ஆயினும் துணிச்சல் என்ற ஒரே சொல்லில் அவர்களை அடக்கிவிட்டால் அவர்கள் வீரக்கதை மாந்தர் ஆகிவிடுவார்கள். தொழிலாளிகளாக, தொழில் வல்லவர்களாக நம் நினைவில் நிற்கமாட்டார்கள். அவர்கள் கடலை வென்றது புயலில் மட்டுமன்று. வெயிலில் காய்ந்த பலகையை நனைத்து, பாயை உலர்த்தி, கயிற்றைப் பின்னி, காற்று வரும்வரை பொறுத்திருந்த நூற்றுக்கணக்கான பகல்களிலும் வென்றார்கள்.

ஆகவே எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வல்வெட்டித்துறையிலோ, பருத்தித்துறையிலோ, ஊர்காவற்றுறையிலோ, அல்லது கனடாவிலோ இலண்டனிலோ, கடலோடி ஒருவரின் பேரப்பிள்ளை இதைப் படிக்கலாம். வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதில் ஒருவர் இருப்பாராயின் அவரிடம் போய் உட்காருங்கள். எந்த ஆண்டு எந்த ஊருக்குப் போனார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். காற்று விழுந்த நாளில் உங்கள் அப்பா கப்பலில் என்ன செய்ததாகச் சொன்னார், யார் சமைத்தது, எந்தக் கதை சொல்லிப் பொழுது போக்கினார்கள், காற்று வரப்போகிறது என்பதை எதைக் கண்டு அறிந்தார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை, புரியாவிட்டாலும், அவர் சொன்னபடியே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். புறப்பட்ட திகதியும் சேர்ந்த திகதியும் நம்மிடம் இருக்கின்றன. இடையில் உள்ள 520 நாட்களில் ஒரு நாளாவது அப்படிக் கிடைத்தால், அது நம் கடல் வரலாற்றுக்கு ஒரு பெரிய வரவு.